மறைக்கத் தெரிந்த விரிப்பே வாழ்க

பறவை வளர்ப்பவர்களைப் போல இரக்கம் உள்ளவர்களை உலகத்தில் காண முடியாது. பறந்தால் இறக்கை வலிக்குமே என்று, பறக்கப் பிறந்த ஒன்றை ஒன்றரை அடிக் கம்பிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதோடு விட்டார்களா? கூண்டின் அடித்தட்டில் எதை விரிப்பது என்று அவர்கள் செய்கிற ஆராய்ச்சி இருக்கிறதே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட அத்தனை விசாரிப்பு நடக்காது. கூண்டின் அகலம் போதுமா, பறவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நாலு அடி அடித்துப் பறக்க முடியுமா என்கிற சில்லறை விஷயங்களில் அவர்கள் மனத்தைச் சிதற விடுவதில்லை. பறவையிடமிருந்து கீழே விழுவதைப் பற்றித்தான் முழுக் கவலையும்.

இளையரசனேந்தல் பக்கத்தில் இந்தக் கலை நன்றாகவே வேர் பிடித்திருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் பழைய ஜமீன் ஊர் அது. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த பிர்காவைப் பிரித்துக் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளத்திலேயே நின்றுவிட்டது. பட்டாவுக்குத் தூத்துக்குடி மாவட்டம், தெருவிளக்குக்கு முதலில் திருநெல்வேலி மாவட்டம், 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம் என்று வருஷக்கணக்கில் அலைந்த ஜனங்கள். கூண்டு ஒருவர் பொறுப்பு, தட்டு இன்னொருவர் பொறுப்பு என்றால் கடைசியில் யார் கழுவுவது என்ற கேள்வியை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஊருக்குள் வரும் பறவை பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ். நாம் அப்படிக் கூப்பிடுகிறோமே தவிர, அதன் நிஜப் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நாட்டுக் கிளி. 1840-ல் ஜான் கோல்டு என்கிற ஆங்கிலேயர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அது உலகம் முழுக்கக் கூண்டில் சுகமாக இருந்து வருகிறது. தன் ஊரில் அதற்கு என்ன பிழைப்பு? மழை பெய்த திசை தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறப்பதும், புல்விதை பொறுக்கித் தின்பதும்தான். அதுவும் ஒரு மானாவாரிப் பிறவி. வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு ஒருவகையில் சொந்தக்காரன். சொந்தக்காரனை வெளியே நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? உள்ளே வைத்துக் கொண்டி போட்டுவிட்டார்கள்.

கோவில்பட்டிக் கடை ஒன்றில் கூண்டும் ஜோடியும் வாங்க வந்தவர் கேட்ட கேள்வியை இங்கே பதிவு செய்தாக வேண்டும். தீனி என்ன, தண்ணீர் எத்தனை வேளை என்று சாதாரண ஆட்கள் கேட்பார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அடியில எதைப் போட்டா நாத்தம் வராது?”

“கடலைத்தொலி போட்டுருங்க. ஒரு மாசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்.”

திரும்பிப் பார்க்க வேண்டாம்! பறவை வளர்ப்பின் முழு இலக்கணத்தையும் ஒரு வரியில் அடக்கிய அந்த அண்ணாச்சிக்குச் சிலை வைக்கலாம். விரிப்பின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. எதை விரித்தால் அதிக நாள் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாமோ அதுவே உத்தமம்.

அந்த வகையில் கடலைத்தொலிக்கு ஈடு இணை இல்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வந்தது. உள்ளே இருந்த பருப்புக்கு அந்த மரியாதை. அதைப் பொத்திக் காத்த தொலிக்கு யாரும் ஒரு மாலை போடவில்லை. பறவை வளர்ப்போர்தான் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இரண்டு விரற்கடை கனத்துக்குத் தொலியைக் கொட்டிப் பரப்பிவிட்டால், மேலே இருந்து விழுகிற எச்சம் பொந்துக்குள் புகுந்து காணாமல் போகும். தினை உமி அதன் மேல் பொழிந்து மூடும். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் தட்டு நேற்று விரித்த மாதிரியே இருக்கும். மேலோட்டமாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

விவரம் கெட்டவர்கள்தான் தட்டை முழுதாக இழுத்துப் பார்ப்பார்கள். மேல் அடுக்கு பொருபொரு என்று இருக்கும். அதற்குக் கீழே விரலை விட்டால் தொலியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, அடை தட்டினாற்போல ஒரே வில்லையாக எழும்பி வரும். தண்ணீர்க் கிண்ணம் தொங்குகிற மூலையில் அந்த வில்லையின் அடிப்பக்கம் கறுத்துச் சாம்பல் பூத்திருக்கும். லேசாகத் தட்டினால் பொடி கிளம்பும். மூக்கில் ஏறுகிற நெடி மூத்திர மண்டபத்து நெடி. பறவையின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமோனியா பிறக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில், வெயில் எட்டிப் பார்க்காத திண்ணையோரக் கூண்டில், இந்த விளைச்சல் கரிசல் காட்டு மகசூலைத் தோற்கடிக்கும்.

சாம்பல் பூத்தது என்றேனே, அது ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சைக் குடும்பத்தின் வேலையாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கும் கடலைக்கும் உள்ள உறவு உலகப் பிரசித்தம். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் திடீரென்று செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்தக் குடும்பத்துப் பூஞ்சை ஒன்று வளர்ந்து கக்கிய விஷமே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்கிற பெயர் உலகத்துக்குத் தெரியவந்ததும் அப்படித்தான். அது தின்று செத்த கதை. கூண்டுப் பறவைக்கு அந்தச் சிரமமும் கிடையாது. சும்மா மூச்சு விட்டால் போதும், பூஞ்சை விதைகள் தாமாகவே நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்து சேர்கிற வாழ்க்கை யாருக்குக் கிடைக்கும்?

பறவையின் மூச்சு அமைப்பே இதற்குத் தோதாகப் படைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு நுரையீரல் மட்டும்தான். பெரும்பாலான பறவைகளுக்கு அதோடு ஒன்பது காற்றுப் பைகளும் சேர்த்தி. உள்ளே போகிற காற்றில் இருக்கும் எதையும் வீணாக்காமல் உறிஞ்சிக்கொள்கிற ஏற்பாடு. இதைத் தெரிந்துகொண்டுதான் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவியைக் கூண்டோடு உள்ளே கொண்டுபோனார்கள். விஷக்காற்று இருந்தால் மனிதனுக்கு முன்னால் குருவி தள்ளாடும். ஆட்கள் தப்பித்து வெளியே வந்துவிடலாம். 1986-ல்தான் அந்த வேலையிலிருந்து குருவிகளுக்கு ஓய்வு கொடுத்து மின்னணுக் கருவியை வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நன்றி கிடையாது. நம் வீடுகளிலோ கேனரியின் உறவுக்காரர்களுக்கு இன்றும் வேலை போகவில்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாவற்றையும் பரிசோதித்துச் சொல்கிற உத்தியோகம். ஒரே வித்தியாசம், குருவி தள்ளாடினால் சுரங்கத்துக்காரன் வெளியே ஓடினான். நாம் கடைக்குப் போய் வேறு குருவி வாங்கி வருகிறோம்.

நாற்றம் அடித்தால் கூண்டின் மூலையில் பாச்சை உருண்டை போட்டு வைக்கிற நுட்பமானவர்களும் உண்டு. கரப்பானுக்கு ஆகாதது கிளிக்கு எப்படி ஆகும் என்று கேட்பவர்களுக்கு வாசனையின் அருமை தெரியாது.

மரத்தூளின் மகிமையைச் சொல்லாமல் போனால் மர அறுவை மில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தேக்கோ, பேக்கிங் பெட்டி மரமோ, பசை போட்ட பிளைவுட்டோ, கறையானுக்கு மருந்து அடித்த பலகையோ, எல்லாம் ஒரே சாக்கில் சமத்துவமாகக் கிடக்கும். எந்த மரம் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. பறவை ஒரு தடவை இறக்கையைப் படபடவென்று அடித்தால் போதும், தூள் கிளம்பிக் கூண்டு முழுக்கப் பனிமூட்டம். ஊட்டியில் இருக்கிற சுகம். மேல்நாட்டு மருத்துவர்கள் பைன், தேவதாரு மரத்தூளின் எண்ணெய் வாடையே பறவையின் சுவாசத்துக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊட்டிக்கு வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

இப்போது கடைகளில் மக்காச்சோளக் கட்டையை அரைத்துச் சின்னச் சின்னக் குருணையாகப் பையில் அடைத்து விற்கிறார்கள். குருவிகுளம், இளையரசனேந்தல் காடுகளில் சோளம் உதிர்த்த பிறகு அடுப்பெரிக்கப் போகிற அதே கட்டைதான். கரையில் குவித்து வைத்த கட்டை வண்ணப்பையில் ஏறி, கிளி படம் ஒட்டி, கிலோக் கணக்கில் விலை வைத்துத் திரும்பி வரும்போது வாங்கத்தான் தோன்றும். சோளத்துக்குக் கிடைக்காத விலை கட்டைக்காவது கிடைக்கட்டும். பறவைக்கும் லாபம் உண்டு. தீனி எது, விரிப்பு எது என்று தெரியாமல் கொத்தித் தின்று இரைப்பையை நிரப்பிக்கொள்ளலாம். அது செரிக்காது, குடலில் அடைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பசி எடுக்காமல் இருப்பதும் ஒரு சௌகரியம்தானே.

நகரத்தில் படித்துவிட்டு விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இதையும் தாண்டிவிட்டார்கள். பூனைக்கென்று விற்கிற மண் பொட்டலத்தை வாங்கி வந்து லவ் பேர்ட்ஸ் தட்டில் கொட்டுகிறார்கள். ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிற களிமண் அது. பூனைக்காரருக்கு அந்தக் கட்டியை அள்ளிப் போடச் சுலபம். கிளி அதைத் தின்றால் அதே கட்டி வயிற்றுக்குள் ஆகும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னதைப் பூனையே இல்லாமல் செய்து காட்டிய தலைமுறை இது.

உப்புத்தாள் கட்சியையும் விட்டுவிடக் கூடாது. தச்சர் மரத்தைத் தேய்க்கிற தாளைத் தட்டில் ஒட்டி, உட்காருகிற குச்சியிலும் சுற்றி வைத்தால் நகம் தானாகத் தேயும் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு. நகம் தேய்கிறதோ இல்லையோ, பாதம் தேய்ந்து புண்ணாகி வீங்குகிறது. குச்சியில் கால் வைக்க முடியாத பறவை ஒற்றைக்காலில் நிற்கும். தவம் செய்கிறது என்று வீட்டுக்காரர் புளகாங்கிதம் அடையலாம்.

ஃப்ளெக்ஸ் பேனரை விரிப்பவர்கள் நம் மாவட்டங்களின் தனிச் சொத்து. காதணி விழா முடிந்த மறுநாள் பேனரை என்ன செய்வது என்று ஒரு குடும்பத்துக்கும் தெரியாது. தூக்கிப்போட மனம் வராது, மாட்டி வைக்கச் சுவர் போதாது. தட்டின் அளவுக்கு வெட்டிப் போட்டுவிட்டால் தாய்மாமன் ஜரிகைத் துண்டோடு கீழே இருந்து சிரிப்பார். ஒரு சொட்டு ஈரத்தைக்கூட உறிஞ்சாத பிளாஸ்டிக் என்பதால் எச்சம் முகத்திலேயே தேங்கி நிற்கும். பறவை தட்டில் இறங்கும்போது அதில் மிதித்து, தீனிக் கிண்ணத்தில் கால் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கும். பழைய பேனரின் ஓரத்தைக் கடித்துத் துணுக்குத் துணுக்காக விழுங்கவும் செய்யும். உறவுமுறையை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டாடுகிற விரிப்பு வேறு எது?

இத்தனை ரத்தினங்களுக்கு நடுவில், வெட்கம் இல்லாமல் இன்னமும் சிலர் வெறும் பழைய நாளிதழை விரிக்கிறார்கள். பறவை மருத்துவர்களில் பலர் அதையேதான் சொல்கிறார்கள் என்பது இன்னும் வேதனை. கூண்டின் அடியில் கம்பிச் சல்லடை, அதற்குக் கீழே இழுக்கிற தட்டு, தட்டில் கறுப்பு வெள்ளைத் தாள் நாலைந்து அடுக்கு, காலையில் மேல்தாளைச் சுருட்டி எடுத்தால் கீழே அடுத்த தாள். தீர்ந்தது. காசு கிடையாது, பை கிடையாது, கிளி படம் கிடையாது. இதில் ரசனைக்கு எங்கே இடம்?

நாளிதழின் பெரிய குற்றம், அது எதையும் மறைப்பதில்லை. ஒரு சின்ன லவ் பேர்ட் நாள் ஒன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை எச்சம் இடும். தாளில் விழுந்த ஒவ்வொன்றும் அப்படியே கண்ணில் படும். உற்றுப் பார்த்தால் மூன்று பாகம் தெரியும்: நடுவில் பச்சையாகவோ பழுப்பாகவோ சுருண்ட புழு மாதிரி மலம், அதன் மேல் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளை, சுற்றிலும் தாளில் ஊறிய ஈர வட்டம். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் கோளாறு இருக்கலாம். கன்னங்கரேல் என்று பிசுபிசுத்தால் உள்ளே ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பறவை சரியாகத் தின்னவில்லை. ஒரு தாளைப் பார்த்து இத்தனையும் தெரிந்துகொண்டு, பறவையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு பஸ் ஏறி, அங்கே ஆடு மாடு வரிசையில் நின்று, இதெல்லாம் யாரால் ஆகும்? தெரியாமல் இருந்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

பறவையே நமக்கு இதில் ஒத்தாசை செய்கிறது. நோய் வந்தால் வெளியே காட்டிக்கொள்ளாது. காட்டில் தள்ளாடிய பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால், கடைசி வரை தெம்பாக நடிப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆகப் பறவை தன் நோயை மறைக்கிறது, தொலி பறவையின் எச்சத்தை மறைக்கிறது, நாம் தொலியைக் கிளறாமல் இருக்கிறோம். மூன்று பேரும் ஒரே மனதாக இருக்கிற வீட்டில் ஒரு காலை பறவை தட்டில் மல்லாந்து கிடந்தால், “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு” என்று சொல்ல யாருக்கும் நாக்குக் கூசாது.

நாளிதழ் மேல் இன்னொரு புகாரும் உண்டு: அச்சு மை பறவைக்கு ஆகாதாம். பஜ்ஜியைத் தாளில் வைத்து எண்ணெய் பிழிந்து, தலைப்புச் செய்தி பஜ்ஜியின் முதுகில் ஒட்டியிருக்க, அதைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னார் ஒரு நண்பர். இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2016-லும் மறுபடி 2023-லும் நாளிதழில் தின்பண்டம் மடிக்காதீர்கள் என்று நாட்டுக்கே எச்சரிக்கை விட்டது. தன் வயிற்றுக்கு வந்த எச்சரிக்கையைக் கிளியின் காலுக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சல்லடைக்குக் கீழே கிடக்கிற, மை காய்ந்த பழைய தாளைக் கிளி தொடக்கூட முடியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. பஜ்ஜி ஆறிவிடும்.

தாளைத் தேர்ந்தெடுப்பதில் பக்தி இருக்கிறது. காகிதம் காலில் பட்டாலே சரஸ்வதி என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். ஆகவே ஆன்மிகப் பக்கத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். சிவகாசியில் அச்சடித்த பழைய காலண்டர் தாள் கனமாக, பளபளப்பாக இருந்தாலும் சாமி படம் இருப்பதால் தப்பித்துவிடும்; அது ஈரம் உறிஞ்சாது என்பது வேறு விஷயம். கண்ணீர் அஞ்சலிப் பக்கமும் கூடாது. தலைவர் படம் என்றால் எந்தக் கட்சி என்று பார்த்து முடிவு செய்வார்கள். கடைசியில் மிஞ்சுவது வரி விளம்பரமும் டெண்டர் அறிவிப்பும். பொதுப்பணித்துறை டெண்டரை இவ்வளவு பேர் தவறாமல் விரித்துப் பார்க்கிற வேறு இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

மாற்றாத விரிப்பின் பலன் பறவையோடு நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுத்தால் கிளிக்காய்ச்சல் மனிதனுக்கும் வரும். 1929-30-ல் இது பல நாடுகளில் பரவி, அமெரிக்கா வெளிநாட்டுக் கிளிகளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. ஒரே காற்று, ஒரே தூசி, ஒரே காய்ச்சல். வளர்க்கிறவரும் வளர்கிறதும் இப்படி ஒன்றாகிவிடுவதற்குத்தானே அன்பு என்று பெயர்?

அந்த அன்பு சட்டத்துக்கும் கட்டுப்படாதது. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். லவ் பேர்ட்ஸுக்கு மட்டும் வெளிநாட்டுப் பிறவி என்று விலக்கு. ஆனாலும் சில வாசல்களில் பச்சைக்கிளி “அக்கா, அக்கா” என்று கூப்பிடுவது காதில் விழத்தான் செய்கிறது. கேட்டால் “அது எங்க வீட்டுப் பிள்ளைங்க” என்கிறார்கள். பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு என்று 2011-ல் குஜராத் உயர் நீதிமன்றமும், 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது அவர்கள் வீட்டிலேயே இருக்கும், பழைய பேப்பர் கட்டில். அதைத்தான் விரித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இப்போது பறவைக்கு டயப்பர் தைத்து விற்கிறார்கள். வாலுக்குக் கீழே சின்னப் பை, முதுகில் ஒட்டுகிற பட்டை. தொலி வேண்டாம், தாள் வேண்டாம், தட்டே வேண்டாம். கோவில்பட்டி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

“அதை எத்தனை நாளைக்கு ஒருக்க மாத்தணும்?”

சில மணி நேரத்துக்கு ஒரு முறை என்றேன்.

“அப்பம் நம்ம ஊர்ல போகாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குக் கடலைத்தொலி அளக்கப் போனார்.